பாராமுகமே அதிகம் சுடும்!

(நாவலூரில் நடந்த தொலைக்காட்சிப் பட்டிமன்றம். தலைப்பு: ‘மனித மனத்தை அதிகம் புண்படுத்துவது சுடுசொல்லா, பாராமுகமா?’ ‘பாராமுகமே’ என்ற அணியில் நிறைவாகப் பேசியது.)

தராசு முள்ளைப் போல எந்தப் பக்கமும் சாயாமல் நடுவில் அமர்ந்திருக்கிற நடுவர் அவர்களே! எங்களைச் சாய்த்துவிட்டுத்தான் போவது என்று எதிரில் அமர்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! மணி ஒன்பதைத் தாண்டியும் எழுந்து போகாத நாவலூர்ப் பெருமக்களே! தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, “இந்த ஆள் எப்ப முடிப்பான்?” என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற தாய்மார்களே!

நான் வெளியூர்க்காரன் இல்லை. இந்த நாவலூர் மண்ணில் பிறந்தவன். நாவல் மரத்தால் இந்த ஊருக்குப் பேர் வந்ததா, நாவலர்களால் பேர் வந்ததா என்று புலவர்கள் சண்டை போடட்டும். நாவல் என்றதும் எனக்கு ஒரு கதைதான் ஞாபகத்துக்கு வரும். நடந்து களைத்த ஔவையார் நாவல் மரத்தடியில் நிற்கிறார். மேலே ஒரு சின்னப் பையன். சுட்ட பழம் வேணுமா, சுடாத பழம் வேணுமா என்று கேட்கிறான். பாட்டி சுட்ட பழம் கேட்டார். பழம் மண்ணில் விழுந்தது. ஒட்டிய மண்ணை ஊதினார். “என்ன பாட்டி, ரொம்பச் சுடுதோ?” என்று முருகன் சிரித்தான்.

இன்றைக்கு நடுவர் அதே கேள்வியைத்தான் எங்களிடம் கேட்டிருக்கிறார். சுடுகிற சொல்லா, சுடாத முகமா? எதிரணிக்காரர்கள் சுட்ட பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரமாக ஊதிக்கொண்டிருக்கிறார்கள். (சிரிப்பு) அய்யா, அந்தச் சூடு ஊதினால் ஆறிவிடும். ஊதினாலும் ஆறாத சூடு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் திருக்குறளை எடுத்து ஓங்கி அடித்தார். நெருப்பு சுட்ட புண் ஆறும், நாக்கு சுட்ட வடு ஆறாது என்று வள்ளுவரே சொல்லிவிட்டாரே, அப்புறம் இவர்களுக்கு என்ன பேச்சு என்று கேட்டார். அது 129-ஆவது குறள். மறுக்கவில்லை. ஆனால் அம்மா, 129-க்குப் போகிற அவசரத்தில் 90-ஐத் தாண்டிப் போய்விட்டீர்களே! அங்கே வள்ளுவர் என்ன சொல்கிறார்? அனிச்சம் என்று ஒரு பூ. மூக்கருகில் கொண்டுபோய் மோந்து பார்த்தால்தான் அது வாடும். விருந்தாளி வாடுவதற்கு அதுகூட வேண்டாம். முகம் மாறி ஒரு பார்வை பார்த்தால் போதும், வாடிப்போவான். பூ வாடக் கிட்டே போகணும். மனுஷன் வாட வாசலில் நின்று பார்த்தாலே போதும். அங்கே நாக்குக்கு வேலையே இல்லை. வள்ளுவருக்கு முதலில் ஞாபகம் வந்தது 90-இல் முகம். 39 குறள் கழித்துத்தான் 129-இல் நாக்கு! (கைதட்டல்)

சுடுசொல்லுக்கு ஒரு சாட்சி உண்டு. “என்ன சொன்னான்?” என்று கேட்டால், “நாயேன்னான், பேயேன்னான்” என்று சொல்லலாம். நாலு பேர் பஞ்சாயத்துக்கு வருவார்கள். பாராமுகத்துக்கு யாரைக் கூப்பிடுவது? கல்யாண வீட்டிலிருந்து அம்மா அழுதுகொண்டே வருகிறாள்.

“என்னம்மா, யாராவது ஏதாவது சொன்னாங்களா?”

“ஒண்ணும் சொல்லலை.”

“சாப்பிடச் சொல்லலையா?”

“சொன்னாங்க.”

“அப்புறம் என்ன?”

“எப்படிச் சொன்னாங்க தெரியுமா?”

நடுவர் அவர்களே, அந்த ‘எப்படி’யில்தான் இந்தப் பட்டிமன்றமே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நமக்கு இலக்கணம் சொல்லிக் கொடுத்தார்களே, வினைச்சொல்லுக்கு முன்னால் வந்து அந்த வேலை எப்படி நடந்தது என்று காட்டுவது வினையடை. ‘வரவேற்றார்’ என்பது வினை. ‘முகம் மலர’ வரவேற்றார், ‘வேண்டாவெறுப்பாக’ வரவேற்றார். வினை ஒன்றுதான். அடை மாறினால் விருந்து மாறிப்போகிறது. சுடுசொல் வினைச்சொல்லில் அடிக்கிறது. பாராமுகம் வினையடையில் அடிக்கிறது. வினைச்சொல்லில் அடித்தால் வழக்குப் போடலாம். வினையடையில் அடித்தால் அழத்தான் முடியும். (கைதட்டல்)

இந்த வினையடை படுத்தும் பாட்டைக் கேளுங்கள். என் மகள் ஆறாவது படிக்கும்போது வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஓர் ஆங்கில வாக்கியத்தைத் தமிழில் மாற்றணும். ஒருவர் தன் வீட்டுக்கு வந்தவரை ‘கோல்ட்லி’ வரவேற்றார் என்று வாக்கியம். கோல்ட் என்றால் குளிர்ச்சி. இவள் எழுதிவிட்டாள்: “அவர் அவரைக் குளிர்ச்சியாக வரவேற்றார்.” என் அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நோட்டை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, “ரொம்ப நல்ல மனுஷனா இருப்பான் போலிருக்கே! வெயில்ல வந்தவனுக்கு ஒரு சொம்பு மோர் குடுத்திருக்கான்!” என்றார். (பலத்த சிரிப்பு)

சிரிக்கிறோம். ஆனால் அவர் சொன்னதில் நம்முடைய மொழியே இருக்கிறது. வெள்ளைக்காரன் பனியில் பிறந்தவன். அவனுக்குக் கதகதப்புதான் அன்பு, குளிர் என்றால் வெறுப்பு. நாம் சித்திரை வெயிலில் பிறந்தவர்கள். நமக்குக் குளிர்ச்சிதான் அன்பு. மனம் குளிர்ந்தது என்கிறோம். கண் குளிரப் பார்த்தேன் என்கிறோம். “உன் வயிறு குளிரணும்” என்று வாழ்த்துகிறோம். அரசனுடைய கருணைக்கே ‘தண்ணளி’ என்று பேர் வைத்தவர்கள் நாம். கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிக்கிறோமே, சந்தனம் கொடுக்கிறோமே, எதற்கு? வருகிறவர் குளிரட்டும் என்றுதான். மோசிகீரனார் என்ற புலவர் களைப்பில், தெரியாமல் முரசு வைக்கிற கட்டிலில் படுத்துத் தூங்கிவிட்டார். தலை போகிற குற்றம். பெருஞ்சேரல் இரும்பொறை என்ற சேர மன்னன் வாளைத் தூக்கினானா? விசிறியைத் தூக்கினான்! புலவர் கண் விழிக்கிறவரைக்கும் நின்று வீசினான் என்று புறநானூறு சொல்கிறது. தமிழன் ஒருத்தனைக் ‘குளிர்ச்சியாக’ வரவேற்றால் அதற்கு அர்த்தம் அதுதான்.

“வீட்டில் பனிப்போர் என்கிறார்களே?” என்று எதிரணித் தோழர் கேட்கிறார். அய்யா, அது அமெரிக்காவும் சோவியத் ரஷ்யாவும் முறைத்துக்கொண்டதற்கு 1940-களில் வைத்த பேர். நாம் அதைத் தமிழாக்கி மாமியார் மருமகளுக்கு மாட்டிவிட்டோம். சரக்கு நம்முடையது. சீட்டு மட்டும் இறக்குமதி! (சிரிப்பு)

அப்படியென்றால் அந்த ‘கோல்ட்லி’க்கு நம்மிடம் சொல்லே இல்லையா? ஒன்றா, இரண்டா? ‘ஏனோதானோ’ என்று செய்தான் என்றால் வேலையில் அக்கறை இல்லை. அது ஆளைப் பற்றியது அல்ல, மன்னித்துவிடலாம். ‘கடனே என்று’ செய்தான் என்றால் மனசு இல்லை, ஆனால் கடமை இருக்கிறது. ‘பட்டும் படாமலும்’ பேசினான் என்றால் எச்சரிக்கையாக இருக்கிறான். ‘வேண்டாவெறுப்பாக’ என்றால் செய்கிற செயலிலேயே கசப்பைக் கலந்துவிட்டான். இதற்கெல்லாம் மேலே, உச்சாணிக் கொம்பில் உட்கார்ந்திருக்கிறது ‘பாராமுகமாக’. பாராத முகம் என்பதில் ‘த’ கெட்டுப் பாராமுகம் ஆனது. இலக்கணத்தில் இதற்கு ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று பேர். பேரைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றும்! (சிரிப்பு) மற்ற சொற்களில் எல்லாம் எதிரே ஒரு மனுஷன் நிற்கிறான் என்பதையாவது ஒப்புக்கொள்கிறார்கள். பாராமுகத்தில் அதுவும் கிடையாது. நீ நிற்கிறாய், ஆனால் நீ இல்லை.

வெள்ளைக்காரன் வெறுப்பைத் தோலில் அளந்தான். தமிழன் முகத்தில் அளந்தான். முகங்கொடுத்துப் பேசலை, முகத்தைத் திருப்பிக்கிட்டான், மூஞ்சியைக் காட்டினான். எல்லாம் முகம்தான். மனம் மகிழ்ந்து பொருளைக் கொடுப்பதைவிட முகம் மலர்ந்து இனிமையாகப் பேசுவது நல்லது என்று வள்ளுவர் 92-ஆவது குறளில் சொல்கிறார். கொடையைவிட முகம் பெரிது என்கிறார்!

இதை வாழ்ந்து காட்டியவர் பெருஞ்சித்திரனார். சங்ககாலப் புலவர். வீட்டில் வறுமை என்றால் சாதாரண வறுமை இல்லை. உப்புப் போடாமல் கீரையை வேகவைத்துத் தின்ற வறுமை. அவரே பாடி வைத்திருக்கிறார். அந்த மனிதர் மலையும் குன்றும் தாண்டித் தகடூர் அதியமானைப் பார்க்கப் போகிறார். தகடூர் என்பது இன்றைய தருமபுரி. அதியமான் கஞ்சனா? ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்த வள்ளல்! அன்றைக்கு என்ன வேலையோ, புலவரைப் பார்க்காமலே, “இதைக் கொடுத்து அனுப்புங்கள்” என்று பரிசை ஆளிடம் கொடுத்துவிட்டான். பசித்த வயிறு. கையில் பரிசு. நாமாக இருந்தால் என்ன செய்வோம்? ரசீது கேட்போம். (சிரிப்பு) அவர் வாங்கவில்லை. முகம் பார்க்காமல் கொடுத்த பொருளை வாங்கிக்கொண்டு போக நான் என்ன வியாபாரியா என்று கேட்டார். என்னைப் பார்த்து, என் தகுதி அறிந்து கொடுத்தால் தினையளவு போதும், அதுவே எனக்கு இனிது என்றார். புறநானூற்றில் 208-ஆவது பாட்டு. எதிரணி நண்பர்களே, அங்கே அதியமான் ஒரு சுடுசொல் சொன்னானா? ஒன்று சொன்னதாகக் காட்டுங்கள், நான் இப்போதே உட்கார்ந்துவிடுகிறேன்! (கைதட்டல்)

வியாபாரி என்றார் பாருங்கள், அந்தச் சொல்லை நாவலூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம் ஊர்ச் சாலையில் ஒரு சுங்கச்சாவடி இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? காரிலிருந்து ஒரு கை நீளும். சாவடியிலிருந்து ஒரு கை நீளும். கைக்குக் கை காசு போகும், சீட்டு வரும். முகத்தை முகம் பார்த்ததில்லை. தப்பில்லை, அது கணக்கு. அங்கே வசூலை 2023 அக்டோபரில் நிறுத்திவிட்டார்கள். ஆனால் நம் வீட்டு வாசல்களில்? மகன் பணம் அனுப்புகிறான், அப்பா முகத்தைப் பார்ப்பதில்லை. மருமகள் தட்டை வைக்கிறாள், மாமியார் முகத்தைப் பார்ப்பதில்லை. புருஷன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே சம்பளத்தை நீட்டுகிறான். நாவலூர்ச் சாவடி மூடியாகிவிட்டது. வீட்டுக்குள்ளே சாவடி இன்னும் நடக்கிறது! (பலத்த கைதட்டல்)

இதெல்லாம் பழங்கதை, பாட்டு என்று நினைக்க வேண்டாம். 2003-இல் கலிபோர்னியாவில் ஓர் ஆய்வு செய்தார்கள். சின்ன ஆய்வுதான், 13 பேர். கணினியில் மூன்று பேர் பந்து போட்டு விளையாடுவதாக ஓர் ஏற்பாடு. கொஞ்ச நேரம் ஆனதும் மற்ற இரண்டு பேரும் இவருக்குப் பந்து போடுவதை நிறுத்திவிடுவார்கள். யாரும் திட்டவில்லை. பந்து மட்டும் வரவில்லை. அப்போது மூளையைப் படம் எடுத்துப் பார்த்தால், உடம்பு வலிக்கும்போது வேலை செய்கிற ஒரு பகுதி அங்கேயும் வேலை செய்திருக்கிறது. முகம் தெரியாதவன் பந்து போடாததற்கே இப்படி! வாட்ஸ்அப்பில் செய்தி போடுகிறோம். இரண்டு நீலக் குறி விழுந்துவிட்டது. படித்துவிட்டான். பதில் இல்லை. அன்றைக்குத் தூக்கம் வருமா?

நடுவர் அவர்களே, ஊரான் கதையைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டேன். இனி என் கதையைச் சொல்கிறேன். இதற்குக் கைதட்ட வேண்டாம்.

எனக்கு ஒரே அக்கா. மாமல்லபுரத்தில் கட்டிக் கொடுத்தோம். மாமா சிற்பி, கல் தட்டுகிறவர். இந்த ஊரில் எங்கள் அப்பாவுக்குச் சாலையோரம் கொஞ்சம் நிலம் இருந்தது. பழைய மகாபலிபுரம் சாலையாக இருந்தவரைக்கும் அதில் நெல் விளைந்தது. கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்த பிறகு அதில் பணம் விளைந்தது. நிலத்தை விற்றோம். அக்கா தன் பங்கைக் கேட்டாள். கேட்டதில் தப்பே இல்லை. 2005-இல் சட்டமே மகளுக்கும் சமப் பங்கு என்று சொல்லிவிட்டது. நானும் கொடுத்தேன். ஒரு ரூபாய் குறையவில்லை. ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. ஆனால் மனசுக்குள்ளே, ‘கேட்டுட்டாளே’ என்று ஒரு முள்.

ஒரு மாசம் கழித்து அவள் என் வீட்டுக்கு வந்தாள். கையில் எவர்சில்வர் தூக்கு. உள்ளே என் பிள்ளைகளுக்கு முறுக்கு. நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். பேப்பரை இறக்காமல் சொன்னேன், “வாங்க.”

அவ்வளவுதான். வாங்க. மரியாதையான சொல்தானே? ஆனால் பிறந்ததிலிருந்து எங்களுக்குள் “வாக்கா, போடா” தான். தமிழில் ஒருத்தரைத் தள்ளி நிறுத்த ‘டா’ போட வேண்டியதில்லை, ‘ங்க’ போட்டாலே போதும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. என் மனைவி தண்ணீர் கொடுத்தாள். குடித்தாள். தூக்கை மேசையில் வைத்தாள். “வரேன்” என்று போய்விட்டாள். நாலு வருஷம் வரவில்லை.

நாலு வருஷமும் நான் உத்தமன் மாதிரிதான் இருந்தேன். யார் கேட்டாலும், “நான் ஒரு வார்த்தை சொன்னேனா?” என்பேன். சொல்லவே இல்லையே! ஒரு நாள் என் மனைவிதான் அந்தத் தூக்கை என் முன்னால் கொண்டு வந்து ‘டங்’கென்று வைத்தாள். “நாலு வருஷமா வெளக்கி வெளக்கி வெக்கிறேன். கொண்டுபோய்க் குடுக்கிறீங்களா, பழைய பாத்திரக்காரன்கிட்ட போட்டுடட்டுமா?” என்றாள்.

வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பார்கள். ஆனி மாதம். நாவல் பழம் வாங்கித் தூக்கு நிறைய எடுத்துக்கொண்டு மாமல்லபுரத்துக்குப் பஸ் ஏறினேன். இறங்கியதும் கால் அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை. கிருஷ்ண மண்டபத்தில் போய் நின்றேன். அங்கே ஒரு சிற்பம் உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒருவர் பால் கறக்கிறார், பசு தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. பல்லவர் காலத்துக் கல். ஈரமில்லாத மனசைக் கல்நெஞ்சம் என்கிறோமே, அந்தக் கல்லில் எவ்வளவு ஈரம்! பசு முகத்தைத் திருப்பிக் கன்றைப் பார்க்கிறது. நான் முகத்தைத் திருப்பிப் பேப்பரைப் பார்த்தவன்.

அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். அவள் எட்டிப் பார்த்தாள். எதிரணி நண்பர்களே, கவனியுங்கள். அடுத்து வந்தது உங்கள் சுடுசொல்தான்!

“ஏண்டா, கம்மனாட்டி! இப்பதான் வழி தெரிஞ்சுதா உனக்கு? செத்தாளா இருக்காளான்னு பார்க்க வந்தியா? பெரிசா பங்கு குடுத்தியே, பணத்தைக் குடுத்தே, மூஞ்சியைக் குடுத்தியாடா?”

தெருவே கேட்டது. பக்கத்துப் பட்டறையில் உளிச் சத்தம் நின்றுபோனது. அத்தனை திட்டும் நெருப்பு. ஆனால் நடுவர் அவர்களே, என் மனம் குளிர்ந்தது. ஏன் தெரியுமா? அவள் என்னை ‘டா’ போட்டுவிட்டாள். நான் மறுபடியும் அவளுக்குத் தம்பி ஆகிவிட்டேன். திட்டிக்கொண்டே தூக்கை வாங்கித் திறந்து பார்த்தாள். ஒரு பழத்தை எடுத்தாள். மண் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. ஆனாலும் ஊதினாள். அழுகையை அடக்க வேறு வழி தெரியாமல் ஊதினாள்.

அன்றைக்கு ஒன்று புரிந்தது. சுடுசொல் கதவைத் தட்டுகிறது, உடைக்கவும் செய்கிறது. ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் இருக்கிறார் என்று நம்புகிறவன்தான் தட்டுவான். பாராமுகம் கதவை உடைப்பதில்லை. சத்தமில்லாமல் உள்பக்கம் தாழ் போட்டுவிடுகிறது. திட்டுகிறவனிடம் உறவு மிச்சம் இருக்கிறது. பாராதவனிடம் என்ன மிச்சம் இருக்கிறது?

சுடுசொல் வலிக்காது என்று நான் சொல்லவில்லை. யாரும் போய் யாரையும் திட்டவும் வேண்டாம். நான் கேட்பதெல்லாம் ஒன்றுதான். இந்தப் பட்டிமன்றம் முடிந்து வீட்டுக்குப் போகிறீர்கள். கதவைத் திறக்க ஒருத்தர் எழுந்து வருவார். அப்பாவாக இருக்கலாம், மனைவியாக இருக்கலாம், மருமகளாக இருக்கலாம். கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, அந்த முகத்தை ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள். நாலு வருஷம் மிச்சமாகும்.

ஆகவே நடுவர் அவர்களே, சொல்லால் சுட்டவன் என்றைக்காவது ஒரு நாள் மன்னிப்புக் கேட்பான். பாராமுகமாக இருந்தவனுக்கு, தான் சுட்டதே தெரியாது. நானே அதற்குச் சாட்சி, நானே குற்றவாளி. மனித மனத்தை அதிகம் புண்படுத்துவது பாராமுகமே, பாராமுகமே என்று தீர்ப்பளிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தீர்ப்பை எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்கள், என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்!

(நீண்ட கைதட்டல்)